ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்

மாதத்தின் முதல் வாரத்தில், பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களுள் எதில் நுழைந்தாலும், நியாயவிலைக் கடையின் முன் ஒரு நீண்ட வரிசையைக் காணலாம். வரிசையில் நிற்போர் அனைவரும் நிலமற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவருக்கு ஓர் ஏக்கர் கரும்பு உண்டு. மற்றொருவருக்கு அரை ஏக்கர் முந்திரியும் நான்கு பலாமரங்களும் உண்டு. இன்னொருவர் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு விடியுமுன்னே சந்தைக்கு ஏற்றிவிட்டு வந்தவர். நிலத்தில் உழைத்து ஊருக்கு உணவளிக்கும் இவர்கள், தங்கள் வீட்டு உலைக்கு வேண்டிய அரிசியைப் பையில் வாங்கிச் செல்கிறார்கள். அவ்வரிசியோடு சேர்த்துண்ணும் குழம்புக்குப் புளியும் பருப்பும் காயும் கடையில்தான் வாங்கவேண்டும்.

இவர்கள் பட்டினி கிடப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தம் கொள்ளுப்பாட்டனார் கண்ட பசியை இவர்கள் கண்டதில்லை. ஆயினும் இவ்வீடுகளின் பெண்களைப் பரிசோதிக்கும் கிராமச் செவிலியர், குருதிச்சோகை என்னும் சொல்லைத்தான் அடிக்கடி எழுதுகிறார். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். சோறு இருக்கிறது; குருதி இல்லை. இது எவ்வாறு நேர்ந்தது? நமது தென்னார்க்காட்டு மண்ணிலே இக்கேள்விக்கு விடை தேடப் புகுவோர், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தாது வருடப் பஞ்சத்திற்குச் செல்ல வேண்டும்.

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது வருடம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த அந்த ஆண்டு தொடங்கி 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இந்தியா முழுவதிலும் மாண்டோர் அரைக்கோடிக்கும் அதிகம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் ஆகிய மாவட்டங்கள் பட்ட அழிவைத் தென்னார்க்காடு படவில்லை. எனினும் அது தப்பவும் இல்லை. அக்காலத்தில்தான் அரசுப் பிரதிநிதி லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்ச ஆணையராகச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பினார். 1877 சனவரியில் வந்து சேர்ந்த டெம்பிள், நிவாரணப் பணிகளில் கல்லுடைத்தும் மண் சுமந்தும் உழைப்போருக்கு ஒரு புதிய கூலியை வகுத்தார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், அதனோடு ஓர் அணாவும் என்பதே அது.

ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஓர் அணா எதற்கு? உப்பு, மிளகாய், பருப்பு, காய், விறகு ஆகிய மற்ற எல்லாவற்றுக்கும். டெம்பிள் கணக்கில் தானியம்தான் உணவு, ஏனையவை சில்லறை.

இதனைச் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். இவர் பஞ்சத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே தென்னிந்திய மக்களின் உணவைப் பற்றியும் சிறைச்சாலை உணவைப் பற்றியும் ஆராய்ந்தவர். கடும் உழைப்பு உழைக்கும் உடல் வெறும் தானியத்தால் நிலைக்காது என்றும், பருப்பும் அதுபோன்ற புரதப் பொருள்களும் இன்றி அது நாளடைவில் தன்னையே தின்று தேயும் என்றும் அவர் வாதிட்டார். குற்றவாளிக்குச் சிறையில் கிடைக்கும் உணவைக் காட்டிலும் குற்றமற்ற ஏழைக்குக் கிடைப்பது குறைவு என்னும் கொடுமையும் அவர் வாதத்தில் வெளிப்பட்டது. இறுதியில் 1877-இல் அரசு இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. அதற்குள் எத்தனை ஆயிரம் உயிர்கள் போயின என்பதை யார் எண்ணினார்?

இந்த வழக்கைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் டெம்பிளின் கணக்கு அவரோடு போய்விடவில்லை. ஏழையின் பசியை இத்தனை ராத்தல், இத்தனை படி, இத்தனை கிலோ என்று தானியத்தால் நிறுக்கும் வழக்கம் அன்று முதல் இன்று வரை ஆட்சிகள் மாறினும் மாறாமல் வந்திருக்கிறது. அந்த மீதி ஓர் அணாவின் கதையைத்தான் யாரும் எழுதவில்லை.

பஞ்ச காலத்தில் நம் மாவட்டத்தில் நடந்த இரண்டு நற்செயல்களை இங்கே குறிப்பிடாமல் செல்வது நன்றியன்று. பஞ்சத்துக்குப் பத்தாண்டுகள் முன்பே, 1867 மே 23-ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தவர்க்கெல்லாம் சாதி சமயம் பாராது உணவளிக்க வழிசெய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணைக்கப்படவில்லை. சித்தியோ முத்தியோ பேசுமுன் பசிக்கு வழி சொன்ன அப்பெரியாரை, சமயம் கடந்து நாமும் வணங்கலாம்.

மற்றொன்று நம் திருச்சபையைச் சார்ந்தது. அந்நாளில் புதுவை மறைமாநிலத்தின் ஆயராக விளங்கியவர் லவுனான் ஆண்டகை. அவருடைய ஆளுகையிலிருந்த பாரிசு மறைப்பணியாளர்கள் ஊர்தோறும் கஞ்சித்தொட்டிகளை நடத்தினர். பெற்றோரை இழந்த குழந்தைகளை ஏற்றனர். வடக்கே சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த தாராஸ் அடிகளாரிடம் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றதும் இக்காலத்தில்தான். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று அம்மக்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஏளனம் செய்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நம் வாசகர்களுள் பலர்தம் குடும்ப வரலாறு அக்கஞ்சித்தொட்டியருகே தொடங்குவதே. அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? பசித்த வேளையில் கஞ்சி ஊற்றியவனை நம்புவது மனித இயல்பு. நாணவேண்டியவர்கள், களஞ்சியத்தில் தானியத்தைப் பூட்டிவைத்து விலையேறக் காத்திருந்தவர்களும், பஞ்சத்தின் நடுவிலும் கப்பலில் தானியம் ஏற்றுமதியாவதை அனுமதித்தவர்களுமே.

இனி ஓர் அணாவுக்கு வருவோம்.

டெம்பிள் காசாகக் கணக்கிட்ட அந்தத் தொடுகறியை, நம் கிராமத்து உழவர் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. கேழ்வரகும் கம்பும் வரகும் சாமையும் தினையும் மேட்டுநிலங்களில் விளைந்தன. அரிசிச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் உரியது. நோயாளிக்கும் விருந்தாளிக்கும் உரியது. ஏனைய நாள்களில் கம்மங்கூழ் அல்லது கேழ்வரகுக் களி. கம்பின் ஊடே துவரையும் மொச்சையும் தட்டைப்பயறும் வரிசைவரிசையாக நின்றன. வயல் வரப்பு வெறும் எல்லைக்கோடாக இருந்ததில்லை; அது ஒரு நீண்ட தோட்டம். களையெடுக்கச் சென்ற பெண் திரும்பும்போது மடியில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இருக்கும். எந்தக் களை மாட்டுக்கு, எந்தக் களை மனிதருக்கு என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் வயலில் நண்டும் நத்தையும், ஏரி வற்றும்போது குறவையும் விராலும் கிடைக்கும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து தலைச்சுமையாக வரும் கருவாட்டை ஒரு படி தானியம் கொடுத்து மாற்றிக்கொள்வர். கூரைமேல் பூசணி, கொல்லையில் முருங்கை, வாசலில் அவரைப் பந்தல், கட்டுத்தறியில் ஒரு பசு. இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஓர் அணா.

இவ்வாறு எழுதும்போது, பழைய காலத்தைப் பொன்னுலகமாகக் காட்டும் பிழையைச் செய்துவிடக் கூடாது என்று என்னை நானே எச்சரித்துக்கொள்கிறேன். அந்தக் கூழ்ப்பானை ஆண்டு முழுவதும் நிறைந்திருக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையும் இராது, தானியமும் இராது. கூழ் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். கொல்லை உடையவனுக்கே முருங்கை. பசு உடையவனுக்கே மோர். சேரியில் ஒரு குடிசை நிற்கும் அளவுக்கே இடம் பெற்றிருந்த பண்ணையாளுக்குப் பந்தல் போட ஏது நிலம்? அவனுக்கு வரப்பும் ஏரியும் களத்துமேடும்தான் கொல்லை. அதுவும் நிலக்கிழாரின் கண் அனுமதித்த அளவுக்குத்தான். எல்லா வீடுகளிலும் பெண்கள் கடைசியில் உண்டனர். பானையின் அடியில் என்ன மிஞ்சியதோ அதை உண்டனர்.

இந்த உணவு முறையை முதலில் அசைத்தது ஒரு கொட்டை. நம் வட்டாரத்தில் அதனை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தென்னார்க்காட்டின் செம்மண் நிலங்களில் நிலக்கடலை பரவியது. பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் அது தேவைப்பட்டது. புதுச்சேரித் துறைமுகம் அருகிலிருந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை போடப்பட்டதும், பண்ருட்டி முதலிய சந்தைகளிலிருந்து மூட்டைகள் நேராகக் கப்பலுக்குச் சென்றன. சென்னை மாகாணத்திலேயே நிலக்கடலைக்குப் பெயர்பெற்ற மாவட்டமாகத் தென்னார்க்காடு ஆயிற்று. 1890-களில் பழைய விதை நோய்ப்பட்டு நலிந்தபோது, மொரீசியசு என்னும் பெயரால் புதிய விதை வந்து பயிரைக் காத்தது. நம் மாவட்டத்து ஏழைகள் கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாக மொரீசியசுக்குச் சென்றார்கள். அங்கிருந்து பெயர் பெற்ற விதை இங்கே வந்தது.

உழவர்கள் ஏன் இதற்கு மாறினார்கள்? பேராசையினால் என்று சொல்வது அநியாயம். நிலவரியைக் காசாகக் கட்டவேண்டும். கம்பும் வரகும் எளிதில் காசாவதில்லை. மல்லாட்டைக்கோ வணிகர் விதைக்கும்போதே முன்பணம் கொடுத்தார். அம்முன்பணத்தில் வரியும் கட்டலாம், ஆடியில் வயிறும் கழுவலாம். ஆனால் அறுவடையில் விலையைக் கூறுபவர் கடன் கொடுத்தவரே. சத்துமிக்க அந்தக் கொட்டை பெரும்பாலும் வீட்டில் தங்கவில்லை. விதைக்கென்று வைத்ததைத் தின்றால் அடுத்த ஆண்டு இல்லை. கடலை பிடுங்கிய நிலத்தில் மண்ணைக் கிளறி எஞ்சியதைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் ஏழைப் பெண்களுக்கும் சிறுவர்க்கும் இருந்தது. விவிலியத்தில் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை நாம் அறிவோம். பண்ருட்டிச் செம்மண்ணிலும் அவளைப் போன்றோர் ஆயிரம் பேர் இருந்தனர்.

நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை எழுந்தது. கிணற்றுப்பாசனம் பெருகப் பெருக, நல்ல நிலங்கள் கரும்புக்குச் சென்றன. மேட்டுநிலங்களில் முந்திரி வளர்ந்தது. ஒவ்வொன்றும் காசு கொணர்ந்தது. ஒவ்வொன்றும் கம்பங்கொல்லையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

இம்மாற்றத்தை ஒரே ஊரில் தொடர்ந்து கண்டறிய நமக்கு ஒரு நல்வாய்ப்பு கிடைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆராயச் செய்தார். அவ்வாறு 1916-இல் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று, பண்ருட்டிக்கு அண்மையில், திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் உள்ள இருவேல்பட்டு. 1918-இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வுக்குப் பிறகு, 1930-களில் தாமசும் இராமகிருட்டிணனும், 1960-களில் மார்கரெட் ஆசுவெல்லும், 1980-களின் தொடக்கத்தில் குகனும் சோன் மென்ச்சரும், 2008-இல் சான் ஆரிசு, செயரஞ்சன், நாகராசு ஆகியோரும் அதே ஊருக்குச் சென்றார்கள். ஏறத்தாழ நூறாண்டு ஒரே ஊரை அறிஞர் பலர் மாறிமாறிக் கண்டு எழுதிய செய்தி உலகில் அரிது. நம் பல்கலைக்கழக மாணவர்களுள் எத்தனை பேர் அவ்வூரின் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே.

சிலேட்டர் காலத்து இருவேல்பட்டில் பெரும்பகுதி நிலம் ஒரு பெருங்குடும்பத்தின் கையில் இருந்தது. திருமணச் செலவுக்கென்று வாங்கிய சிறுகடன் அடைபடாமல், தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் படியாள் முறையை அந்நூல் பதிவு செய்திருக்கிறது. படியாளுக்குக் கூலி தானியமாகவே அளக்கப்பட்டது. டெம்பிளின் ஓர் அணாகூட அதில் கிடையாது; அதனை அவன் வரப்பிலும் ஏரியிலும் தேடிக்கொள்ள வேண்டும். 2008-இல் சென்றவர்கள் கண்டது வேறொரு ஊர். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்துவிட்டது. தலித் மக்கள் அவர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய நிலை பெருமளவு நீங்கிவிட்டது. வெளியூர் வேலையும், வேலையுறுதித் திட்டமும், நியாயவிலை அரிசியும் அவர்களுக்கு ஓரளவு விடுதலை தந்திருக்கின்றன. இதனை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். விலையில்லா அரிசி உழைப்பாளியைச் சோம்பேறியாக்குகிறது என்று நகரத்தில் குறை கூறுவோர், அந்த அரிசி யாருடைய முதுகை நிமிர்த்தியது என்பதை இருவேல்பட்டின் வரலாற்றில் படித்தல் நலம்.

குன்னூரில் நிகழ்ந்த ஆராய்ச்சியும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அங்கே இராபர்ட் மெக்காரிசன் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவைத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காயும் உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, எலிக்கூண்டை விட்டு வெளியே வந்து தென்னிந்தியக் கிராமக் குடும்பங்கள் உண்பதை நிறுத்துப் பார்க்கச் செய்தார். ஆலையில் தீட்டிய அரிசி, கைக்குத்தலில் தங்கியிருந்த சத்தை இழந்தது. வடித்துக்கொட்டிய கஞ்சியோடு இன்னும் கொஞ்சம் போயிற்று. புழுங்கல் அரிசி உண்ணும் வழக்கம் நம்மை ஓரளவு காத்தது. அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகும், அதனோடு பருப்பும் கீரையும் சேர்ப்பதே ஏழைக்கு ஏற்ற வழி என்பது அவ்வாராய்ச்சி காட்டிய பாதை. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 340 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. அரை நூற்றாண்டுக்கு முன் கார்னிஷ் கண்டதையே குன்னூர் எலிகளும் சொல்லின.

விடுதலைக்குப் பின் வந்த ஆட்சிகள் தானியக் கணக்கை மிகச் சிறப்பாகவே தீர்த்தன. 1960-களின் பிற்பகுதியில் புதிய நெல் இரகங்கள் வந்தன, உரமும் மின்சார இறைப்பும் வந்தன, விளைச்சல் பெருகிற்று. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997-இல் மைய அரசு வறியோர்க்கு மட்டுமே பங்கீடு என்று வரையறுத்தபோது, தமிழ்நாடு அதனை ஏற்காமல் அனைவர்க்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. கஞ்சித்தொட்டியின் முன் நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள் தானியத்துக்காகக் கையேந்த வேண்டாத நிலை பிறந்தது. இது எளிய சாதனையன்று.

ஓர் அணாவுக்கு என்ன நேர்ந்தது? பள்ளிக்கூடத்தில்தான் அரசு அதனைச் சற்றே எண்ணிப் பார்த்தது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாக உயர்ந்து 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2007 முதல் பங்கீட்டில் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் தாய்க்கு அந்த முட்டை இல்லை. ஒரு கிலோ பருப்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்தில் எத்தனை நாள் வரும் என்பதை இல்லத்தரசியரே அறிவர்.

வயலிலோ அந்த அணா ஒவ்வொரு காசாகக் கரைந்தது. ஒரே பயிர் நிற்கும் நிலத்தில் ஊடுபயிருக்கு இடமில்லை. களைக்கொல்லி தெளித்த வரப்பில் கீரை முளைப்பதில்லை. முளைத்தாலும் அஞ்சாமல் பறிக்க இயலாது. பூச்சிமருந்து கலந்த நீரில் நண்டும் நத்தையும் குறைந்தன. கம்பும் வரகும் விளைவிப்பார் இல்லாமையால், அவற்றைக் குத்திப் புடைத்துச் சமைக்கும் கைப்பழக்கமும் மறைந்தது. இதில் பெண்களைக் குறை சொல்வதற்கில்லை. உரலும் உலக்கையும் அவர்கள் தோளை எவ்வளவு வாட்டின என்பதைக் கம்மங்கூழின் பெருமை பேசும் ஆண்கள் எண்ணுவதே இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் முக்கால் எக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதற்குள் கடனுக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் காசு விளைய வேண்டும். துவரைக்கு அவர் எங்கே இடம் தேடுவார்?

பண்ருட்டிப் பலாவைப் பற்றியும் ஒரு சொல். வைகாசி, ஆனி மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பசியை ஆற்றியது பலாச்சுளை. சுளை தீர்ந்தபின் கொட்டையைச் சுட்டும் குழம்பில் இட்டும் உண்டனர். இன்று நல்ல காய்கள் மரத்திலேயே விலைபேசப்பட்டு நெடுந்தொலைவு செல்கின்றன. 2011 திசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயல், பல தலைமுறைகளாக நின்ற பலாவையும் முந்திரியையும் ஒரே இரவில் வேரோடு சாய்த்தது. கன்று நட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இழப்பீடு முறிந்த மரத்தைக் கணக்கிட்டது. பிள்ளைகள் இழந்த சுளையைக் கணக்கிடும் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை.

உலக உணவு வேளாண்மை நிறுவனத்தார் இப்போது ஓர் எளிய அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். உணவுப் பொருள்களைப் பத்து வகையாகப் பிரித்துக்கொள்கின்றனர்: தானியமும் கிழங்கும்; பருப்பும் பயறும்; கடலை முதலிய கொட்டைகள்; பால்; இறைச்சியும் மீனும்; முட்டை; கீரை; மஞ்சள் நிறக் காய்கனிகள்; ஏனைய காய்கள்; ஏனைய பழங்கள். நேற்றைய பகலும் இரவும் சேர்த்து ஒரு பெண் இவற்றுள் ஐந்து வகையேனும் உண்டாளா என்று கேட்கின்றனர். எத்தனை கிலோ என்று கேட்பதில்லை. கார்னிஷ் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய உழவர் வீட்டின் ஒரு நல்ல நாளைப் பார்த்தேன். மோர் விட்ட கம்மங்கூழ், வெங்காயம், கீரைக்கடையல், கருவாடு, மாலையில் அவித்த மொச்சை. ஆறு வகை. அதே வீட்டின் அடைமழை நாளில் நீர்த்த கூழும் உப்பு மிளகாயும். ஒரே வகை. இன்றைய வீட்டில் இரு வேளை அரிசிச்சோறு, கத்தரிக்காய் இட்ட புளிக்குழம்பு, தேநீரில் கொஞ்சம் பால், ஞாயிறன்று மட்டும் கறிக்கோழி. மழையோ வெயிலோ, ஆண்டு முழுவதும் இரண்டு அல்லது மூன்று வகை. பழைய காலத்தின் பள்ளம் தூர்ந்துவிட்டது. அதன் மேடும் சரிந்துவிட்டது.

2023-ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் முயற்சி தொடங்கியது. நம் பக்கத்திலும் ஆடி மாதத்தில் அம்மன் கோவில் வாசலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கான மாவைக் கடையில் வாங்குகிறார்கள். நகரத்து அங்காடியில் வரகரிசி பொன்னி அரிசியைவிட விலை கூடுதல். ஒரு காலத்தில் ஏழையின் உணவென்று இகழப்பட்டது, இன்று ஏழைக்கு எட்டாத உணவாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், அண்ணாகிராமத்தை அடுத்த ஊரொன்றில் வாழும் என் பெரியம்மாவைக் காணச் சென்றிருந்தேன். எண்பது வயதைக் கடந்தவர். இன்னும் வயலுக்குப் போய் வருபவர். நண்பகலில் அனைவரும் உண்டு முடித்தபின் அடுப்பங்கரையில் அமர்ந்து, பானையில் எஞ்சிய சோற்றில் இரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். எங்கள் தட்டில் முட்டை இருந்தது. அவர் தட்டில் இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு தட்டைச் சற்றே திருப்பிக்கொண்டார். பேச்சை மாற்ற வேண்டி, "வரப்புல தொவரை போடுவீங்களே பெரியம்மா, இப்பப் போடறதில்லியா?" என்று கேட்டேன்.

"வரப்பு எங்கப்பா இருக்கு?" என்றார் அவர். "ஒரு சால் கரும்பு கூட வரும்னு ரெண்டு பக்கமும் அண்டை வெட்டி வெட்டி, இப்ப ஒத்தையடிகூட இல்ல. போய்ப் பாரு, கால் வச்சு நடக்க முடியாது."

மாலையில் போய்ப் பார்த்தேன். கரும்பு ஆளுயரத்திற்கு வளர்ந்து நின்றது. இரண்டு பங்காளிகளின் நிலத்துக்கு நடுவே, அவர் சொன்னபடியே, ஒரு சாண் அகலத்தில் வரப்பு கிடந்தது.